டர்பனில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: அடி, வசை, சீண்டலிலிருந்து உங்களைக் காத்துக்கொள்வது எப்படி?

மருத்துவமனையில் ஒரு நோயாளி கையை ஓங்கினால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பார்ப்பார், இன்னொரு நர்ஸ் ஓடி வருவார், வாசலில் செக்யூரிட்டி நிற்பார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் பின்னறையில் அதே கை ஓங்கும்போது அங்கே நீங்களும் அவரும் மட்டும்தான் இருப்பீர்கள். வீட்டுக்கே போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, இன்சுலின் போடுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைக் குளிப்பாட்டுவது என்று வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மருந்தையும் ஊசியையும் பற்றிப் பயிற்சி கிடைக்கிறது. இந்தத் தனிமையைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பெண்களுக்காகவும் பையன்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திட்டு, மிரட்டல், ஆபாசப் பேச்சு இவற்றையும் சேர்த்தால் தொகை இன்னும் பெரிதாகும். வீட்டுக்குள் நடப்பதில் பெரும்பகுதி எந்த ஏட்டிலும் ஏறுவதே இல்லை.

ஏன் ஏறுவதில்லை என்பதற்கு நம் வீடுகளில் ஒரு காரணம் உண்டு. வீட்டுக்குள் போய் அரை மணி நேரத்தில் அக்கா, ஆன்ட்டி என்று உறவு ஒட்டிவிடும். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சினால் உங்களுக்கும் ஒரு டப்பா எடுத்து வைப்பார்கள். அந்தப் பாசம் பொய் இல்லை. ஆனால் அதே வீட்டில் ‘தாத்தா என் மார்பில் கை வைத்தார்’ என்று சொல்ல வேண்டி வரும்போது வாய் எழாது. சொன்னாலும், ‘பாவம், வயசானவர், பெரிசுபடுத்தாதேம்மா’ என்பார்கள். உறவு சொல்லிக் கூப்பிடுங்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆனாலும் அது உங்கள் வேலையிடம். வேலையிடத்தில் உங்கள்மேல் விழும் அடி வேலையின் ஒரு பகுதி ஆகாது.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

முதலில், உங்களுக்கு முதலாளி யார் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு கிளினிக்கின் கீழ் வார்டு வாரியாக வீடு பார்க்கும் குழுவில் இருக்கிறீர்களா, ஏஜென்சி அனுப்புகிறதா, குடும்பமே நேரடியாகச் சம்பளம் தருகிறதா? ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது, யார் பதில் சொல்ல வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. கிளினிக் குழு என்றால் குழுத் தலைவராக ஒரு நர்ஸ் இருப்பார், அவர் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். குடும்பம் நேரடியாக வைத்துக்கொண்டால் புகார் சொல்ல வேண்டிய ஆளும் புகாருக்கு உரிய ஆளும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கலாம். இந்த மூன்றிலும் அதிக ஆபத்து இதில்தான் என்பது என் எண்ணம். அப்படிச் சேருகிறவர்கள் வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் முகவரியையும் வேலை நேரத்தையும் கொடுத்து வையுங்கள்.

அடுத்தது கேள்விகள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நோயாளிக்கு மறதி நோய் உண்டா? இதற்கு முன் யாரையாவது அடித்தது, கடித்தது, பிடித்தது உண்டா? முன்பிருந்த கேர்கிவர் ஏன் போனார்? வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், குடிப்பவரோ போதை எடுப்பவரோ உண்டா? நாய் எங்கே கட்டியிருக்கும்? துப்பாக்கி இருக்கிறதா, அது எங்கே இருக்கிறது? இந்த ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அது சேஃபில் பூட்டியிருக்க வேண்டும், தலையணைக்கு அடியில் அல்ல. மறதி நோய் உள்ள தாத்தாவிடம் சேஃபின் சாவி இருந்தால் அதை மகனோ மகளோ வாங்கிக்கொள்ளும் வரை அந்த வீட்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

முன்பிருந்தவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். ‘அந்தப் பொண்ணு சரியில்லை’ என்று இரண்டு மூன்று பேரைப் பற்றி ஒரே வீட்டில் சொன்னால், கோளாறு வந்து போன பெண்களிடம் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பிருந்த சுலு இனத்துக் கேர்கிவரை நிறத்தைச் சொல்லித் திட்டி விரட்டிவிட்டு, ‘நம்ம ஆளு வேணும்’ என்று உங்களைக் கூப்பிடும் வீடுகள் உண்டு. அதுவும் வன்முறைதான், நம்மவர்கள் செய்வதால் அது சிறிதாகிவிடாது. அவளை அப்படிப் பேசிய வாய் உங்களையும் ஒரு நாள் பேசும். ஏஜென்சியிடம் அதைச் சொல்லுங்கள்.

கிளம்பும் நாளில்

முடியை இறுக்கிக் கட்டுங்கள், தொங்கட்டான் வேண்டாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராது, அது எனக்கும் தெரியும். சட்டைக்கு உள்ளே விட்டு மேல் பட்டனைப் போடுங்கள். தெருவில் பறிப்பவனுக்கும் கட்டிலில் இருந்து கை நீட்டிப் பிடிப்பவருக்கும் அதுதான் முதலில் கிடைக்கும். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாதீர்கள். அடையாள அட்டையை இழுத்தால் தானே அவிழும் கயிற்றில் மாட்டுங்கள், அல்லது பையில் கிளிப் போட்டு வையுங்கள். செருப்பு ஓடத் தோதாக இருக்கட்டும்.

போனில் சார்ஜும் ஏர்டைமும் இருக்க வேண்டும். ஏர்டைம் இல்லாவிட்டாலும் செல்போனிலிருந்து 112 போகும். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177. அன்றைக்குப் போகும் வீடுகளின் வரிசையையும் நேரத்தையும் சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டு, லைவ் லொகேஷனைப் போட்டு விடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் நுழையும்போது ஒரு செய்தி, வெளியே வந்ததும் ஒரு செய்தி. ‘வெளியே வந்துவிட்டேன்’ என்ற செய்தி வராவிட்டால் எத்தனை நிமிடத்தில் அவர் உங்களைக் கூப்பிட வேண்டும், நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அனுப்பிய செய்தியைப் பார்க்க அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் அனுப்பியும் பயனில்லை.

ஒரு ரகசிய வாக்கியமும் வைத்துக்கொள்ளுங்கள். ‘சிவப்பு டைரியை மறந்துட்டு வந்துட்டேன்’ என்று போனில் சொன்னால் உங்களுக்கு ஆபத்து என்று பொருள். கேட்டவர் பதறக் கூடாது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி மட்டும் கேள்வி கேட்க வேண்டும்: அடித்தார்களா, கதவு பூட்டியிருக்கிறதா, போலீஸை அனுப்பவா?

தெரு நிலவரத்தையும் விசாரியுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் சாலைகளையே அடைத்து வைத்தார்கள். கேப் டவுனில் சில பகுதிகளுக்கு ஆம்புலன்ஸ்கூடப் போலீஸ் துணையோடுதான் போகிறது. ஆம்புலன்ஸுக்கே துணை வேண்டும் என்றால், பையை மாட்டிக்கொண்டு நடந்து போகும் உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லாமல் போகுமா? மாலை 6 முதல் காலை 6 வரை வேலை என்றால், வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் திரும்பவும் போக்குவரத்து இருப்பதைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று வேலை நிலைமைகள் பற்றிய சட்டம் சொல்கிறது. காரில் போனால் வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள், பின்னால் இன்னொரு வண்டி வந்து அடைக்கும்படி டிரைவ்வேக்குள் விடாதீர்கள்.

கேட்டிலிருந்து உள்ளே

கேட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நாயைக் கட்டினோம் என்று சொல்வதோடு விடாமல் கட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு உள்ளே போங்கள். உள்ளே கத்தலோ, பாட்டில் உருளும் சத்தமோ கேட்டால், கதவைத் தட்டும் முன்பே திரும்புங்கள். நோயாளி வீட்டில் இல்லை, மகன் மட்டும் இருக்கிறான், ‘உள்ளே வந்து உட்காருங்க, இப்ப வந்துடுவாங்க’ என்கிறானா? ‘கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகளில் தெருவிலிருந்து குறுகலான படிகளில் இறங்க வேண்டியிருக்கும். முன் கதவுக்கு வெளியே ஒரு கம்பிக் கேட். நீங்கள் உள்ளே வந்ததும் மருமகள் கம்பிக் கேட்டைச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டுவாள். திருட்டுப் பயம், அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடம் முதல் உங்களால் வெளியே போக முடியாது. ‘சாவி பூட்டிலேயே இருக்கட்டும்மா, இல்லேன்னா என்கிட்ட குடு’ என்று முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். முதல் நாள் சொன்னால் அது உங்கள் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள், பத்தாம் நாள் சொன்னால் சந்தேகப்படுவதாக வருத்தப்படுவார்கள். கரண்டில் ஓடும் கேட் என்றால் கரண்ட் போன நேரத்தில் அதைக் கையால் எப்படித் திறப்பது என்று கேட்டு வையுங்கள்.

அறைக்குள் உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் வராதபடி நில்லுங்கள். கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தால் சுவர்ப் பக்க மூலைக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல், கட்டிலை நகர்த்தச் சொல்லுங்கள். கத்தரிக்கோலையும் ஊசியையும் அவர் கைக்கு எட்டும் மேசையில் பரப்பாதீர்கள், அப்போதைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

நோயின் கோபமா, ஆளின் கோபமா?

இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மறதி நோய் உள்ளவர் அடிப்பது பெரும்பாலும் பயத்தில். யாரோ தெரியாத பெண் தன் உடையைக் கழற்றுகிறாள் என்றுதான் அவருக்குப் படுகிறது. குளிப்பாட்டும் நேரத்தில் அடி அதிகம் விழுவதற்கு இதுவே காரணம். முன்பக்கமாக வாருங்கள், அவர் கண் மட்டத்துக்குக் குனியுங்கள், உடம்பைத் துண்டால் மூடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடையுங்கள். ‘இப்ப கையைத் தொடப் போறேன் ஆயா’ என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள். ஆங்கிலமே பேசிப் பழகிய முதியவர்கள்கூட மறதி முற்றும்போது சிறு வயதில் கேட்ட தமிழுக்கு அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். பொழுது சாயச் சாய குழப்பம் கூடுபவர் என்றால் குளியலைக் காலைக்கு மாற்றுங்கள்.

நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று அடிக்கிறார் என்றால் உடம்பில் ஏதோ நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மருந்து என்று தேடுங்கள். நம் மக்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்சுலின் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டவர் ஒருவர் நெற்றியெல்லாம் வேர்த்து, விரல் நடுங்க, உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கிளாஸைத் தட்டி விடுகிறார் என்றால், பதில் பேசாமல் சுகரைப் பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே போயிருந்தால், விழுங்க முடிகிற நிலையில் உடனே இனிப்புப் பானம் கொடுங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 10177ஐக் கூப்பிடுங்கள். சுகர் ஏறியதும் அந்த மனிதருக்குத் தான் என்ன பேசினோம் என்றே நினைவிருக்காது.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் பிடி இறுகும், வயதானவர் கட்டிலிலிருந்து விழவும் கூடும். அவருடைய கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிடியில் பலவீனமான இடம் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே உள்ள திறப்புதான். முழங்கையை உடம்போடு ஒட்டி, மணிக்கட்டை அந்தத் திறப்பின் பக்கம் திருப்பி வெளியே எடுங்கள். வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லிப் பழகிப் பாருங்கள். முடியைப் பிடித்தால் அவர் கையை உங்கள் தலையோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்தி, இழுபடாமல் தடுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நோயாளியின் குழப்பத்தால் விழுந்த அடியில் குற்றம் சாட்ட ஆள் இல்லாமல் இருக்கலாம். அதற்காக எழுதி வைக்காமல் விடக் கூடாது. உங்கள் தோள்பட்டை வலிக்கு அவருடைய நோய் மருந்தாகாது. ஒருவர் செய்த வேலையை இனி இருவர் செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

தெளிந்த புத்தியுள்ளவர்களின் கதை வேறு. குடித்துவிட்டு வரும் மகன், மருந்துப் பெட்டியில் மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்கும் பேரன், குளிப்பாட்டும்போது வேண்டுமென்றே கையை நீட்டும் நோயாளி, வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பும் மருமகன். முதல் முறையே, குரலை உயர்த்தாமல், செயலைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள்: ‘என்னைத் தொடாதீங்க. இன்னொரு தடவை தொட்டா நான் கிளம்பிடுவேன்.’ சிரித்து மழுப்பாதீர்கள், அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். சொன்ன பிறகும் நடந்தால் கிளம்புங்கள். மருந்து கேட்டு மிரட்டினால் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஒரு பாட்டில் மருந்துக்காக யாரும் கத்திக்குத்து வாங்க வேண்டாம்.

நோயாளியைப் பாதியில் விட்டுப் போகிறோமே என்ற உறுத்தல் வரும். அவர் விழாதபடி படுக்க வைக்க நேரம் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் முதலில் வாசலுக்கு வாருங்கள். வெளியே நின்று போன் செய்து அவருக்கு உதவி வரவழைக்கலாம். உள்ளே நீங்களும் விழுந்தால் இருவருக்கும் உதவி இல்லை. பையும் பிரஷர் மெஷினும் அங்கேயே கிடக்கட்டும், திரும்பிப் போய் எடுக்காதீர்கள்.

நடந்த பிறகு

பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் காயத்தைக் காட்டுங்கள். ஊசி குத்தியிருந்தால், ரத்தம் வரக் கடித்திருந்தால், பாலியல் வன்முறை நடந்திருந்தால் எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. பாலியல் வன்முறை என்றால் குளிக்காமல், உடை மாற்றாமல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் துதுசேலா மையத்துக்குப் போங்கள். பீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையிலும், உம்லாசியில் பிரின்ஸ் மிஷியேனி மருத்துவமனையிலும் இருக்கிறது. போலீசில் கேஸ் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், மருந்துக்கு அது தடை இல்லை. பெண்கள்மீதான வன்முறைக்கான 24 மணி நேர உதவி எண் 0800 428 428. காசில்லாத போனிலிருந்து *120*7867# அடித்தால் அவர்களே திருப்பிக் கூப்பிடுவார்கள்.

போலீசுக்குப் போனால் கேஸ் நம்பர் வாங்காமல் திரும்பாதீர்கள். டாக்டரிடம் ஜே88 படிவத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள், அடிதடி வழக்கில் காயத்துக்குச் சாட்சி அதுதான். தொடர்ந்து பின்தொடர்கிறான், செய்தி அனுப்புகிறான் என்றால் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.

அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், எந்த அறை, யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, நீங்கள் செய்தது, காயம். கெட்ட வார்த்தையை எழுதக் கூசி ‘தகாத முறையில் பேசினார்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘மோசமான வீடு’ என்று முத்திரையும் குத்தாதீர்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். காயத்தைப் படம் எடுத்து வையுங்கள், ஆனால் நோயாளியின் படத்தையோ வீட்டையோ வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது உங்கள்மேல் திரும்பும்.

இழப்பீட்டுக்கும் இந்த எழுத்துதான் அடிப்படை. வேலை நேரத்தில் வேலையால் வந்த காயம் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டத்தில் வரும். முதலாளி தனக்குத் தெரிந்த 7 நாளில் இழப்பீட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். கோருவதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட்டால் உரிமை போய்விடலாம். குடும்பம் நேரடியாக வைத்துக்கொண்ட கேர்கிவர்களுக்கு இது முன்பு கிடையாது. பிரிட்டோரியாவில் வேலை செய்த வீட்டு நீச்சல் குளத்தில் 2012இல் மூழ்கி இறந்த மரியா மஹ்லாங்குவின் மகள் நடத்திய வழக்கில், வீட்டுப் பணியாளர்களை விலக்கியது செல்லாது என்று 2020 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் முதியவரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்பவர்களும் இதில் அடக்கம். ‘நீ வீட்டு ஆளுதானே, உனக்கு எதுவும் கிடையாது’ என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் கேட்க வேண்டியவை

‘இந்த வேலைன்னா அப்படித்தான்’ என்பது சட்டப்படி பதில் ஆகாது. 1993ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் ஆபத்தை முன்கூட்டிக் கண்டறிந்து குறைக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைக்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் குறை சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பணியிடத் தொல்லை பற்றிய நடத்தை விதி, வாடிக்கையாளர் தரும் தொல்லையையும் கணக்கில் எடுக்கிறது. வன்முறை, தொல்லைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையையும் தென்னாப்பிரிக்கா 2021இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாலியல் தொல்லையைச் சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால் 6 மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. நர்ஸ்கள் சங்கமான டெனோசாவிலோ வேறு சங்கத்திலோ சேர்ந்திருந்தால் உங்களோடு வந்து பேச ஆள் இருக்கும். தனியாகப் போகும் வேலையில் சங்கம் மிக அவசியம் என்று நினைக்கிறேன்.

அதே வீட்டுக்குத் திரும்பப் போகச் சொல்வார்கள். போகும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும்: நீங்கள் இருக்கும் நேரத்தில் அந்த ஆள் வீட்டில் இருக்க மாட்டார் அல்லது இருவராகப் போவீர்கள், கம்பிக் கேட்டின் சாவி உங்களிடம் இருக்கும், மீண்டும் நடந்தால் நோயாளியை எந்தக் கிளினிக் பொறுப்பேற்கும். குடும்பமும் ஏஜென்சியும் அதில் கையெழுத்துப் போடட்டும். போட மறுத்தால் நீங்களும் போக மறுக்கலாம், மறுத்த காரணத்தை எழுதிக் கொடுங்கள். உங்களுக்குப் பதிலாக வேறொரு பெண்ணை அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால், அவள் கிளம்பும் முன் அவளைக் கூப்பிட்டு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுங்கள்.